மனசு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்: குமரியில் மாற்றுக் கட்சியைத் தேடுபவர்கள்

2024 ஏப்ரல் 19 அன்று விளவங்கோடு தொகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று. காங்கிரஸ் சின்னத்தில் 2011, 2016, 2021 என்று மூன்று முறை ஜெயித்த விஜயதரணி அந்த வருடம் பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்து பதவியை விட்டதால் வந்த இடைத்தேர்தல் அது. வெயில் ஏறும் முன்பே ஓட்டுப் போட்டுவிட்டு வந்த எங்கள் மாமி, திண்ணையில் உட்கார்ந்து விரலில் இருந்த மையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்க மனசு அந்த மைக் சின்னத்துப் பக்கந்தான் கெடந்து மக்களே. ஆனா ஓட்டு பாழாப் போவப்பிடாதுல்லா."

மாமி ஒரு வருடமாக எல்லாக் கட்சிகளையும் திட்டிக்கொண்டிருந்தவர். வீட்டுக்கு முன்னால் இரவெல்லாம் பாறைக்கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளால் சுவரில் கீறல் விழுந்திருக்கிறது. மனுக் கொடுத்தார், பதில் இல்லை. பெரிய கட்சிக்காரர்கள் யாரிடம் சொன்னாலும் "பாக்கலாம்" என்றார்கள். அந்த லாரிகளைப் பற்றி மேடை போட்டுப் பேசிய ஒரே கட்சி என்று, மைக் சின்னத்தில் நின்ற நாம் தமிழரை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்புறமும் அவர் விரல் பழைய சின்னத்துக்குத்தான் போனது.

மாமியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குமரி மாவட்டத்தில் ஓட்டுப் போடுகிற லட்சக்கணக்கானவர்களின் கதை இது. அலுப்பும் கோபமும் உண்டு, வேறு கட்சி வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. பெட்டி திறந்தால் எதையும் காணோம். இது ஏன் என்று புரிய வேண்டுமென்றால், இந்த மாவட்டத்தில் 'மாற்று' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையிலோ மதுரையிலோ மாற்று அரசியல் என்றால் திமுக, அதிமுக இரண்டுக்கும் மாற்று. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கணக்கு வேறு. 1967இல் தமிழ்நாடு முழுக்க திமுக அலை அடித்தபோது மக்களவைக்குக் காங்கிரஸ் ஜெயித்தது மூன்றே இடங்களில். அதில் ஒன்று நாகர்கோவில், ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி. விருதுநகரில் தோற்ற காமராஜரை, நேசமணி இறந்தபிறகு 1969 இடைத்தேர்தலில் டெல்லிக்கு அனுப்பியதும் இதே நாகர்கோவில்தான். 1971இல் பழைய காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவை இடமும் அதுவே. 2014இல் ஜெயலலிதாவின் கட்சி 39இல் 37 தொகுதிகளை அள்ளியபோது தப்பிய இரண்டில் ஒன்று கன்னியாகுமரி, மற்றது தருமபுரி. 2016இல் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது; குமரியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திமுக, காங்கிரஸ் அணிக்குப் போயின.

ஆக, மாநிலத்தோடு ஒத்துப்போகாமல் ஓட்டுப் போடுவது இங்கே பழைய வழக்கம். அப்படியென்றால் புதுக் கட்சிகளுக்கு இதுதான் நல்ல மண்ணாக இருந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். வீட்டுக்கு வீடு செய்தித்தாள், டீக்கடைக்கு டீக்கடை வாதம். இருந்தும் 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸின் விஜய் வசந்தும் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணனும் சேர்ந்து வாங்கியது ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஓட்டு. நாம் தமிழர் வேட்பாளர் மரிய ஜெனிபர் அதிமுகவைப் பின்னுக்குத் தள்ளி மூன்றாம் இடம் வந்தார், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் வாங்கியது ஐம்பதாயிரத்துச் சொச்சம், சுமார் 5 சதவீதம். அதே தேர்தலில் அந்தக் கட்சி மாநிலம் முழுக்கச் சேர்த்து வாங்கியது 8 சதவீதத்துக்கு மேல். திராவிடக் கட்சிகள் பலவீனமாக இருக்கும் மாவட்டத்தில், அவற்றை எதிர்த்தே வளர்ந்த கட்சி மாநிலச் சராசரியைக்கூட எட்டவில்லை.

இதற்கு என் பதில் ஒன்றுதான். இங்கே பெரிய கட்சிகளைத் தாங்கி நிற்பது பாசம் இல்லை, பயம். "இவனுக்குப் போடலேன்னா அவன் வந்திருவான்" என்ற பயம். அந்தப் பயத்துக்கு இரண்டு பக்கமும் உண்டு, இரண்டு பக்கமும் அதையே சொல்கிறார்கள்.

மூன்று தேர்தல்களின் ஒரே ஒரு எண்ணை வரிசையாக வைத்துப் பாருங்கள். பொன். ராதாகிருஷ்ணன் 2014இல் வாங்கியது சுமார் 3.73 லட்சம் ஓட்டு. 2019இல் 3.67 லட்சம். 2024இல் 3.66 லட்சம். பத்து வருடத்தில் அந்த எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். 2014இல் அதே எண்ணோடு ஜெயித்து மத்திய இணை அமைச்சர் ஆனார். 2019இல் ஏறக்குறைய அதே எண்ணோடு இரண்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் காங்கிரஸின் வசந்தகுமாரிடம் தோற்றார். மாறியது எதிர்ப்பக்கம். 2014இல் காங்கிரஸ் தனி, திமுக தனி, அதிமுக தனி, இடதுசாரிகள் தனி, ஆம் ஆத்மி தனி என்று நின்றார்கள். முதல் இரண்டு இடத்தில் வந்த பாஜகவுக்கும் காங்கிரஸுக்கும் சேர்த்துக் கிடைத்ததே 62 சதவீதம் பக்கம்தான். மிச்சம் முழுக்கச் சிதறியது. அந்த முடிவைப் பார்த்த ஜனங்கள் தங்களுக்குள் ஒரு பாடம் எழுதிக்கொண்டார்கள்: பிரிந்தால் போச்சு. 2019இல் இரண்டு கட்சிகளின் கூட்டு ஓட்டு 90 சதவீதத்தைத் தாண்டியது அப்படித்தான்.

மறுபக்கத்திலும் இதே கணக்கு ஓடுகிறது. அந்த 3.7 லட்சத்தில் எல்லாரும் பாஜகவின் செயல்பாட்டில் திருப்தி அடைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நால்வழிச் சாலை வருடக்கணக்காக இழுத்ததைத் திட்டுகிறவர்களும் அதில் உண்டு. ஆனால் ஓட்டைப் பிரித்தால் நம்ம பக்கம் பேச ஆள் இருக்காது என்ற எண்ணம் அவர்களையும் பிடித்து வைத்திருக்கிறது.

இந்தச் சுவர் எப்போது எழும்பியது என்று கேட்டால் வயசானவர்கள் எல்லாரும் ஒரே வருடத்தைத்தான் சொல்வார்கள். 1982, மண்டைக்காடு. கோயில் கொடை நேரத்தில் மார்ச் 1 அன்று நடந்த மோதலும் துப்பாக்கிச் சூடும், அதைத் தொடர்ந்து கரையோர ஊர்களிலும் உள்ளூர்களிலும் பரவிய கலவரமும் இந்த மாவட்டத்தை ஆழமாகக் கீறிவிட்டன. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். தமிழ்நாட்டில் வேறெங்கும் இப்படி ஒரு விகிதம் கிடையாது. ஒரே சாதி, ஒரே குடும்பக் கிளையில்கூட இரண்டு மதமும் இருக்கும் ஊர் இது. கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து பப்படத்தை நொறுக்குகிறவர்கள், தேர்தல் நெருங்கினால் இரண்டு பட்டியல் ஆகிவிடுகிறார்கள்.

ஒரு மனிதரின் வாழ்க்கையே இந்தத் திருப்பத்தைக் காட்டும். தாணுலிங்க நாடார் நேசமணியோடு சேர்ந்து தமிழக இணைப்புக்குப் போராடியவர். 1957இல் காங்கிரஸ் சார்பில் நாகர்கோவில் எம்.பி. ஆனவர். அதே மனிதர் எண்பதுகளில் இந்து முன்னணியின் தலைவராக நின்றார். 1984இல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி சார்பில் நின்ற சுயேச்சை ஜெயித்தார். 1996இல் அதே பத்மநாபபுரத்தில் வேலாயுதன் ஜெயித்துத் தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. ஆனார், அதுவும் கட்சி தனியாக நின்ற தேர்தலில். அந்தக் காலத்தில் பாஜகவுக்குப் போட்டவர்களிடம் கேட்டால், "ரெண்டு பேரும் சரியில்ல, புதுசா ஒருத்தனைப் பாப்போம்னு போட்டோம்" என்பார்கள். இன்றைக்குக் கோட்டையாக நிற்பதும் நேற்றைய மாற்றுதான். ஒரு மாற்றுக் கட்சி எதன்மேல் நின்று வளர்கிறது என்பதை ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கோபத்தின்மேல் வளர்ந்தது கோபத்தைத்தான் காப்பாற்றும்.

இன்னும் பின்னால் போனால் இந்த மாவட்டமே ஒரு மாற்றுக் கட்சி பெற்றெடுத்த பிள்ளை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், இந்திய தேசிய காங்கிரஸுக்கு எதிராகத் தனியாக நின்ற கட்சி. 1951-52 பொதுத் தேர்தலில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நேசமணி அந்தக் கட்சியின் பெயரில்தான் ஜெயித்தார். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. தேசியக் கட்சி அதை நிறைவேற்றாது என்று தெரிந்ததும் ஜனங்கள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட உத்தரவு கொடுத்த அரசு காங்கிரஸ் அரசு இல்லை, திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அன்றைக்கு நாடு முழுக்க மாற்று என்று பேசப்பட்ட கட்சி அது. தன் கட்சி அரசே ராஜினாமா செய்ய வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா கேட்டார், நடக்கவில்லை. மாற்று என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று குமரிக்காரனுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின. கோரிக்கை நிறைவேறியதும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கலைந்து பெரிய காங்கிரஸில் கரைந்தது. வேலை முடிந்தது, கட்சி முடிந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கவலை தருகிற விஷயமும் கூட. பிடித்ததற்குக் காரணம், கட்சியை அவர்கள் ஒரு கருவியாகப் பார்த்தார்கள். கவலைக்குக் காரணம், கருவியைக் கீழே வைத்தபிறகு வந்த எந்தப் பிரச்சினைக்கும் மறுபடி அப்படி ஒன்றை இந்த மாவட்டத்தால் எடுக்க முடியவில்லை.

பிரச்சினைகளுக்கா பஞ்சம்? நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் கேரளம் 2004இல் நிறுத்திய தண்ணீர் விளவங்கோட்டு வயலுக்குத் திரும்ப வரவே இல்லை. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே இறங்கியது. பால்வெட்டை நிறுத்திவிட்டு வளைகுடாவுக்கு விசா தேடியவர்கள் எத்தனையோ பேர். நாஞ்சில் நாட்டு நெல்வயல் மனைகளாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி தேர்தல் நேரத்தில் வாக்குறுதி தந்திருக்கிறது.

கடற்கரையின் கதை இன்னும் கனமானது. 2017 நவம்பர் 30 விடியலில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, தேடுதல் நேரத்துக்குப் போகவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான பேர் சின்னத்துறையிலிருந்து நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாக்கள் மடியில் மகனின் போட்டோவை வைத்துக்கொண்டு இரவு வரை உட்கார்ந்திருந்தார்கள். அன்று எந்தக் கட்சிக் கொடியும் அங்கே இல்லை. முதலமைச்சர் இந்தப் பக்கம் வந்தது அதற்கு அப்புறம்தான்.

அதே கரையில்தான் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்ததும் இடத்தைக் கோவளம், கீழமணக்குடி பக்கம் நகர்த்தினார்கள், அங்கேயும் ஜனங்கள் எழும்பினார்கள். 2024இல் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கேட்டதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. மணவாளக்குறிச்சியில் அந்த நிறுவனத்தின் மணல் ஆலையை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறவர்கள், புற்றுநோய் பயத்தோடு வாழ்கிறவர்கள், இதைச் சும்மா விட மாட்டார்கள்.

வடக்கே மலை. பாறையை உடைத்துக் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் டாரஸ் லாரிகள் அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக வரிசை கட்டுகின்றன. பள்ளிக்கூட நேரம், ஆஸ்பத்திரி நேரம் என்று கிடையாது. பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் உறுமிக்கொண்டு ஏறும்போது டீக்கடை மேசையில் கண்ணாடி டம்ளர் நடுங்கும், மேலே மிதக்கும் ஆடை சுருங்கும். பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு லாரி போகும்வரை காத்திருப்பார். இது மேற்குப் பக்க ஊர்களில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மலையைப் பற்றிக் கண்ணீர் விடுவதும், ஆளும்போது "சட்டப்படிதான் நடக்கிறது" என்பதும் எல்லாப் பெரிய கட்சிக்கும் பொது என்றுதான் அந்த டீக்கடையில் சொல்வார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

இந்தக் கோபம் அவ்வப்போது மாற்றுக் கட்சியைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. 2014இல் கூடங்குளம் அணுஉலை எதிர்ப்பின் முகமாக இருந்த நாகர்கோவில்காரர் சுப. உதயகுமாரன் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்து கன்னியாகுமரியில் நின்றார். அந்த வருடங்களில் இடிந்தகரைக்குப் போய்வராத கரையோர ஊர் குறைவு. ஆயிரக்கணக்கானவர்கள்மேல் வழக்கு, தேசத்துரோகப் பிரிவு உட்பட. அவ்வளவு பெரிய போராட்டம் ஓட்டாக மாறியபோது சுமார் 15,000தான். போராட்டத்துக்கு அரிசி கொடுத்தவர்கள், உண்ணாவிரதத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட ஓட்டை வேறு இடத்தில் போட்டார்கள். மாமி அன்றும் இதையேதான் சொன்னார்: "நல்ல மனுஷன். ஆனா ஜெயிக்கமாட்டாரே." அந்த வருடக் கடைசிக்குள் உதயகுமாரனும் அந்தக் கட்சியைவிட்டு விலகிவிட்டார். டெல்லியில் பிறந்த கட்சிக்கு நம் கடலும் நம் மொழியும் எவ்வளவு தூரம் என்பது அவர் விலகியதில் தெரிந்தது.

இடதுசாரிகளையும் சொல்ல வேண்டும். ஜீவானந்தம் பிறந்த பூதப்பாண்டி இங்கேதான். திருவட்டாறு, விளவங்கோடு மலையோரத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் வழியாக மார்க்சிஸ்ட் கட்சி பல முறை ஜெயித்திருக்கிறது. 2004இல் பெல்லார்மின் எம்.பி. ஆனார், 2006இல் லீமா ரோஸ் திருவட்டாற்றிலும் ஜான் ஜோசப் விளவங்கோட்டிலும் ஜெயித்தார்கள். அப்புறம் தொகுதி மறுசீரமைப்பில் திருவட்டாறு தொகுதியே காணாமல் போனது, ஏழு ஆறானது. இந்த மாவட்டத்தில் மதக் கணக்கைத் தாண்டி ஓட்டு வாங்கிக் காட்டியவர்கள் அவர்கள்தான் என்பதை மறுக்க முடியாது. அது கூலி, போனஸ், தோட்ட நிலம் என்று தினசரி விஷயத்தில் பக்கத்தில் நின்றதால் வந்த ஓட்டு. கூட்டணி ஒதுக்கும் இடங்களுக்குள் ஒடுங்கியபிறகு அந்த ஓட்டும் ஒடுங்கியது.

இப்போது நாம் தமிழர். 2016இல் மாநில அளவில் ஒரு சதவீதம், 2019இல் நாலு சதவீதம் பக்கம், 2021இல் ஆறரை, 2024இல் எட்டுக்கு மேல். ஒரு இடமும் ஜெயிக்காமல், யாரோடும் சேராமல் இப்படி ஏறிய கட்சி சமீப காலத்தில் வேறில்லை. எட்டு சதவீத ஓட்டு இருந்தால் இடமே ஜெயிக்காவிட்டாலும் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும் என்பது தேர்தல் ஆணைய விதி, அப்படித்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு தேர்தலிலும் சின்னத்துக்கே திண்டாட்டம். 2024இல் கரும்பு விவசாயி கைவிட்டுப் போய் மைக் வந்தது. கரும்பைப் பழகிய பாட்டிகளுக்கு மைக்கைப் பழக்க ஒரு மாதம்தான் இருந்தது. வேட்பாளர்களில் பாதிக்குப் பாதி பெண்கள் என்று வைத்ததையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். 2024 விளவங்கோடு இடைத்தேர்தலில் முக்கியமான நான்கு கட்சிகளும் பெண்களையே நிறுத்தியதைப் பார்த்தபோது, ஒரு சின்னக் கட்சியின் பழக்கம் பெரியவர்களையும் யோசிக்க வைத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் குமரியில் இந்தக் கட்சி முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. யார் தமிழர், யார் பச்சைத் தமிழர் என்ற பேச்சு கணவாய்க்கு வடக்கே கைத்தட்டு வாங்கலாம். இங்கே அது இடிக்கும். எங்கள் பேச்சில் பாதி மலையாள வாடை. கேரளத்துப் பாறசாலையில் பெண் எடுத்தவர்களும் நெய்யாற்றின்கரைக்குப் பெண் கொடுத்தவர்களும் தெருவுக்கு நாலு வீடு. தமிழ்நாட்டோடு சேர உயிரைக் கொடுத்த ஊரில், அந்தப் பக்கத்துச் சொந்தத்தையும் விட்டுக்கொடுக்காத ஊரில், ரத்தக் கணக்குப் பார்க்கும் பேச்சு வீட்டுக்குள் வராது. மலையைப் பற்றியும் கடலைப் பற்றியும் அவர்கள் பேசும்போது மாமி காதைக் கொடுத்தார். பேச்சு இந்தப் பக்கம் திரும்பியபோது டிவி சத்தத்தைக் குறைத்தார்.

இன்னொரு குறை அமைப்பு. மாநிலக் கூட்டத்துக்கு வண்டி பிடித்துப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள், வாக்குச்சாவடியில் ஏஜென்ட்டாக உட்கார ஆள் இல்லை. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. பண பலமும் கூட்டணிக் கணக்கும் சற்றுக் குறைவாக இருக்கும் இடம் அது. அங்கே வார்டு உறுப்பினராக ஐந்து வருடம் தெருக்குழாயையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொண்டவரை ஊர் மறக்காது. மாற்று பேசும் கட்சிகள் எதுவும் அந்த வேலையை இங்கே முழு மனசோடு செய்து நான் பார்க்கவில்லை. நேரே கோட்டைக்குப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. விஜயகாந்தின் தேமுதிக 2006இல் தனித்து நின்று 8 சதவீதம் வாங்கியது, 2009இல் 10 சதவீதம். 2011இல் அதிமுக கூட்டணியில் 29 எம்.எல்.ஏ.க்கள் கிடைத்தார்கள், அப்புறம் இறங்குமுகம்தான். கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் 2018இல் மாற்று என்று பிறந்தது, பின்னர் திமுக அணிக்குள் போனது. 2024இல் தொடங்கிய விஜய்யின் தவெகவைப் பற்றியும் இங்கே முதலில் எழுந்த கேள்வி "யாரோட சேருவாரு?" என்பதுதான். ஏமாந்த அனுபவம் கேட்க வைக்கிற கேள்வி அது.

மாமியின் தம்பி, எங்கள் மாமா, வேறு மாதிரி. ரப்பர் பால்வெட்டுக்காரர். ராத்திரி இரண்டு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி, விடியும்முன் முந்நூறு மரத்தைத் தொட்டுவிட்டு வருவார். தலைமுறையாக ஒரே சின்னம். 2024இல் அவர் மைக்கில் போட்டார், யாருக்கும் மறைக்கவும் இல்லை. ஏன் மாமா என்று கேட்டேன். ஒட்டுப்பாலை உருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாருக்கும் பயந்து பயந்து போட்டாச்சு. மத்தவன் வந்திருவான்னு போட்டேன், வரல. சரி, எனக்கு என்ன வந்துது? லாரியும் நிக்கல, பாலுக்கு வெலையும் இல்ல. இந்த ஒரு தடவை எனக்க ஓட்டை எனக்குன்னு போட்டுப் பாத்தேன்." அந்தக் கட்சியின் எல்லாப் பேச்சும் அவருக்குப் பிடிக்கும் என்று இல்லை. லாரியை மறித்து ரோட்டில் உட்கார்ந்த நாலு பையன்களில் இரண்டு பேர் அந்தக் கட்சி, அவர்களை அவருக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவ்வளவுதான் காரணம்.

அன்று ராத்திரி மாமிக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். "உன்னைப் போல ஆளுங்களாலதான் அவங்க ஜெயிப்பாங்க" என்றார் மாமி. மாமா பதில் பேசவில்லை. ஜூன் 4 அன்று பெட்டி திறந்தபோது விஜய் வசந்த் ஜெயித்தது 1,79,907 ஓட்டு வித்தியாசத்தில். நாம் தமிழருக்கு விழுந்த அத்தனை ஓட்டும் எந்தப் பக்கம் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. மாமியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது எண்ணினப்புறம்லா தெரியும்" என்றார். நியாயமான பேச்சு. ஓட்டுப் போடும்போது அந்த எண் யாருக்கும் தெரியாது, அந்த இருட்டில்தான் பயம் வேலை செய்கிறது. பிரான்ஸில் இரண்டு சுற்றாக ஜனாதிபதித் தேர்தல் நடத்துகிறார்கள், முதல் சுற்றில் மனசுக்குப் போடலாம், யாருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றில் கணக்குக்குப் போடலாம். நமக்கு ஒரே சுற்று. மனசும் கணக்கும் ஒரே பொத்தானில் சண்டை போட வேண்டியிருக்கிறது.

சில வாரம் கழித்து, வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று காட்டும் படிவம் 20 தேர்தல் துறை இணையதளத்தில் வந்தது. போனில் இறக்கி மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துப் பூத்தின் வரிசையில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். மைக்குக்கு நேரே வந்ததும் நிறுத்தினார். அவர் நினைத்திருந்ததைவிட நிறைய. யார் யாராக இருக்கும் என்று வாய்க்குள் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்தார், பாதிக்குமேல் ஆள் பிடிபடவில்லை. "நம்ம தெருவுல இத்தனை பேரா?" என்றார். மாமி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மாமா விரல் அடுத்த வரிசைக்குப் போனது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பூத். அங்கே எண்ணி எடுத்துவிடலாம், அவ்வளவு கொஞ்சம்.

"அங்க யாரும் போகவே இல்லியோ?" என்று கேட்டார்.